அரிவாளில் படிந்த செம்பு

பட்டுக்கோட்டை,
22.6.2025, ஞாயிறு.

அன்புள்ள வாலுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவும் தம்பியும் நலம்தானே? அப்பாயிக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. குரல் மட்டும் குறையவில்லை. “அந்தத் திருப்பூர்க் கழுதை எப்ப வருது?” என்று வாரத்துக்கு ஒரு தடவை கேட்டுவிடுகிறது. சங்கு மாமா இந்த வருடத் தேரிலும் வழக்கமான வேடிக்கையைத்தான் செய்தார். பக்கத்தில் நீ இல்லாததால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, எழுத வந்ததைச் சொல்கிறேன். மார்ச்சில் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தபோது ஒரு ராத்திரி ஒன்றரை மணிக்கு நாலு நிமிடம் பேசி அனுப்பினாயே, அதற்கு நான் பதிலே சொல்லவில்லை. “நாமெல்லாம் எதுக்குடி படிக்கிறோம்? படிச்சு முடிச்சு வேலைக்குப் போயி, அப்புறம்? எங்கம்மா மாதிரி காலையில எட்டு மணிக்கு ஓடி ராத்திரி எட்டு மணிக்கு வர்றதுக்கா?” என்று கேட்டாய். கடைசியில் “ஒண்ணுமில்ல, நீ தூங்கு” என்றாய். காலையில் கேட்டுவிட்டு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டுத் தேர்வுக்குப் போய்விட்டேன். நீ அழுதுகொண்டே பேசியிருக்கிறாய் என்பது அப்போதே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் அப்படிச் செய்தேன். மூன்று மாதமாக அது நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. என்னை மன்னித்துவிடு. நடுவில் எத்தனையோ முறை அப்பா போனை எடுத்தேன். போனில் நமக்குச் “சாப்டியா”வுக்கு மேல் பேச்சு போவதில்லை. அதனால்தான் இந்தக் காகிதம்.

அன்றைக்கு உனக்குப் பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை என்பதும் உண்மை. தை பிறந்தால் ஊரில் எல்லாருக்கும் அறுவடை, பொங்கல். நமக்கு முதல் திருப்புதல் தேர்வு, இரண்டாம் திருப்புதல் தேர்வு, செய்முறை, பொதுத்தேர்வு, அது முடிந்து மூச்சு விடுவதற்குள் நீட். இயற்பியல் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து தெரியும், வாசிக்கவும் முடியும், ஒன்றும் உள்ளே போகாது. சோறு இறங்கவில்லை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஒரு நாள் மாடிப்படியில் உட்கார்ந்து, விடிய வேண்டாம் என்று நினைத்தேன். இதை உன்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

பள்ளிச் சுவரில் 104 என்று உதவி எண்ணை எழுதிப் போட்டிருந்தார்கள், நீயும் பார்த்திருப்பாய். மறுநாள் அதற்குப் போன் பண்ணினேன். ஒரு அக்கா பேசினார். அறிவுரையாகச் சொல்வார் என்று பயந்தேன். அவர் முதலில் கேட்டது, “இன்னிக்கு எத்தனை மணி நேரம் தூங்குனம்மா?” என்றுதான். மூன்று என்றேன். அரை மணி நேரம் நான்தான் பேசினேன், அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். தேர்வு வரைக்கும் ராத்திரி பதினொன்றுக்குப் படுக்க வேண்டும், அதை மட்டும் செய் என்றார். செய்தேன். எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் புத்தகத்தில் இருப்பது மறுபடி உள்ளே போனது. உனக்கு அந்த மாதிரி ராத்திரி இன்னும் வருகிறதா? வந்தால் எந்த நேரமானாலும் எனக்குப் பண்ணு. நான் எடுக்காவிட்டால் 104, இல்லையென்றால் 14416. இதைச் சும்மா எழுதவில்லை. அடுத்த முறை பேசும்போது கட்டாயம் கேட்பேன்.

மதிப்பெண் கேட்பாய். பன்னிரண்டாம் வகுப்பில் 548. நீட் 14ஆம் தேதி வந்தது, 352. தேர்வு மையத்தில் அப்பாயி போட்டுவிட்ட தோட்டைக் கழற்ற வைத்துவிட்டார்கள், வெறும் காதோடு உட்கார்ந்து எழுதினேன். 352ஐ வைத்துக்கொண்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான ஏழரை விழுக்காடு ஒதுக்கீட்டிலும் எனக்கு எம்.பி.பி.எஸ். வராது. வீட்டில் யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. அப்பா அன்று சாயங்காலமே நாமக்கல் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்துவிட்டு வந்தார். ஒரு வருடம் அங்கேயே தங்கிப் படித்துத் திரும்ப எழுத, விடுதியோடு சேர்த்து ஒன்றே கால் லட்சம். “சங்கிலி கிடக்குல்ல” என்றார். அம்மா சரி என்று தலையாட்டியது.

எனக்கு அங்கே போக விருப்பமில்லை, வால். இதைத்தான் உன்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஏனென்றால் டாக்டராவது என்பது என் ஒருத்தியின் ஆசை இல்லை. கஜா புயல் அடித்த பிறகு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்களே, அப்பாயி காலில் தகரம் கிழித்த காயத்துக்கு மருத்துவ முகாமில் வந்த அந்தச் சின்ன டாக்டர் அக்கா தையல் போட்டபோது நாம் இரண்டு பேரும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். “நாமும் இதுதான் ஆகணும்” என்று சொன்னது நீ. ஆறாம் வகுப்பு. அடுத்த ஆடி முடிந்ததும் உங்கள் அப்பா தோப்பை விற்றுவிட்டு உங்களைத் திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நீ வணிகவியல் எடுத்தாய். ஆசையை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போன மாதிரியே எனக்கு இருந்தது. நானும் விடக்கூடாது என்று பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது இன்னொன்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. 2018 நவம்பர் 16க்கு முன்னால் எங்கள் தோப்பில் 140 மரம். விடிந்தபோது நின்றது 11. நிவாரணமாக மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் கொடுத்தார்கள். அப்பா மரங்களை அறுத்து விற்றார். அடிக்கட்டையைத் தோண்டி எடுக்க இயந்திரத்துக்குக் கொடுக்கப் பணம் போதவில்லை. பாதிக் கட்டைகளை அப்படியே மண்ணில் விட்டுவிட்டு, நடுவில் குழி வெட்டிக் கன்று வைத்தார். இந்த வருடம் மாசியில், நின்ற 11 மரத்தில் மூன்றின் தூரில் செம்பழுப்பாகச் சாறு வடிந்தது. ரத்தம் காய்ந்த மாதிரி இருந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நீட் முடிந்த மறுநாள் அப்பாவோடு வண்டியில் வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன். வெளிக் காற்று பட்டால் போதும் என்றுதான் போனேன். அங்கே ஒரு மேடம் நாங்கள் கொண்டுபோன வேரைக் கீறிப் பார்த்துவிட்டு, தஞ்சாவூர் வாடல் நோய் என்றார். நம் ஊர்ப் பெயரில் ஒரு நோய்! 1952இல் இங்கே புயல் அடித்தது, அதற்குப் பிறகு இந்த ஜில்லாவில் பார்த்ததால் அந்தப் பெயராம். கேனோடெர்மா என்ற பூசணம். மண்ணுக்குள் இருந்துகொண்டு வேரிலிருந்து வேருக்குப் போகும். செத்த கட்டைகளில் வருடக்கணக்கில் உயிரோடு தங்கியிருக்கும். அதைக் கேட்டதும் அப்பா முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்தார். புயல் ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது என்று ஏழு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தோம். அது தரைக்கு அடியில் மெதுவாக நடந்து வந்துகொண்டே இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு எனக்கு வேறு எதிலும் புத்தி போகவில்லை. நோய் வந்த மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி மற்ற மரங்களிலிருந்து பிரித்தோம். மரத்துக்கு ஐந்து கிலோ வேப்பம் பிண்ணாக்கு, தொழுவுரம், டிரைக்கோடெர்மா. அது இந்தப் பூசணத்தைத் தின்னும் இன்னொரு பூசணம், கேட்டாலே ஆசையாக இல்லையா? ஊடுபயிராக வாழை வைத்தால் நோய் பரவுவது மட்டுப்படும் என்றார்கள், அதையும் வைத்தாயிற்று. அப்புறம் போர்டோ கலவை என்ற பூசண மருந்து, மரத்துக்கு நாற்பது லிட்டர். நானூறு கிராம் மயில்துத்தத்தை, அதாவது காப்பர் சல்பேட்டை, இருபது லிட்டர் தண்ணீரில், நானூறு கிராம் சுண்ணாம்பை இன்னொரு இருபது லிட்டரில் கரைத்து, துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்பு வாளி கூடாது. அந்த நீலம் இருக்கிறதே, நம் பள்ளிப் பாவாடை நீலமில்லை, வானம் நன்றாக மழை பெய்து ஓய்ந்த பிறகு இருக்குமே, அந்த நீலம்.

கலவை சரியா என்று பார்க்க, தீட்டின அரிவாளை ஒரு நிமிடம் அதில் முக்கச் சொன்னார்கள். முதல் தடவை எடுத்துப் பார்த்தால் அரிவாள் முனையில் செம்பு படிந்திருந்தது! சுண்ணாம்பு பழையது, காற்றுப்பட்டு வீரியம் போயிருந்தது. சுண்ணாம்பு போதாவிட்டால் கலவையில் செம்பு கரைசலாகவே மிச்சம் இருக்கும், இரும்பு அதை இழுத்து மேலே பூசிக்கொள்ளும். வேரைக் கருக்கிவிடும், ஊற்றக் கூடாது. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து மறுபடி முக்கினேன். அரிவாள் வெள்ளையாகவே வந்தது. அடியே, இதை நான் மின்வேதியியல் பாடத்தில் படித்திருக்கிறேன். இரும்பு, செம்பு, எது எதை வெளியேற்றும் என்று தலைகீழாக ஒப்பிப்பேன். அது அப்பாவின் அரிவாளில் நடக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அன்றைக்கு மதியம் சாப்பிட மறந்து மூன்று மரத்துக்கும் ஊற்றினேன். ராத்திரி படுத்ததும் தூங்கிவிட்டேன். ஆறு மாதத்தில் முதல் முறையாக 104 அக்கா சொன்ன நேரத்துக்கும் முன்னால்.

நீ கேட்ட கேள்விக்கு இது பதிலா என்று தெரியவில்லை. எதற்குப் பிறந்தோம் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. ஆனால் அன்று மதியம் அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை. அப்படி ஒரு மதியம் உனக்கும் எப்போதாவது வந்ததா? யோசித்து எழுது. வந்திருக்கும். குடோனில் உன் அம்மாவுக்கு வர வேண்டிய கூலிக் கணக்கில் பிழை கண்டுபிடித்து மேலாளரிடம் போய் நின்றாயே, அதைச் சொன்னபோது உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நான் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பித்திருந்தேன். அப்பா அதை ஒரு பாதுகாப்புக்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். தரவரிசையில் எனக்கு நல்ல இடம். ஏழரை விழுக்காடு அங்கேயும் உண்டு, கிடைத்துவிட்டால் படிப்புக்கும் விடுதிக்கும் அரசே பணம் கட்டிவிடும். நாலு வருடம். கோயம்புத்தூரை முதலில் போடுவதா, வீட்டுக்குப் பக்கத்தில் ஈச்சங்கோட்டைக் கல்லூரியைப் போடுவதா என்பதுதான் இப்போது என் யோசனை. கோயம்புத்தூர் என்றால் உனக்குப் பக்கம். இதையும் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

ஆனால் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவருக்கு விவசாயம் என்றால் 129 மரம் ஒரே ராத்திரியில் விழுந்ததுதான். கார்த்திகையில் காற்று கொஞ்சம் வேகமாக அடித்தால் இன்றைக்கும் எழுந்து வாசலில் உட்கார்ந்துகொள்வார். “நீயாவது இந்த மண்ணை விட்டுத் தப்பிச்சுப் போ” என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறார் தெரியுமா. அவர் தப்பிக்கச் சொன்ன இடத்துக்கே திரும்ப வருகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? ஒரு வருடம் திரும்பப் படித்தால் எனக்குச் சீட்டு கிடைத்தாலும் கிடைக்கும், முட்டாள் இல்லை நான். பத்து வருடம் கழித்து, அன்றைக்கு எழுதியிருக்கலாமே என்று வருத்தப்படுவேனோ என்ற பயமும் இருக்கிறது. அந்தப் பயத்தோடுதான் முடிவெடுத்திருக்கிறேன். கல்லணை 15ஆம் தேதி திறந்தாயிற்று, புது ஆற்றுத் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு இன்னும் வரவில்லை. வந்த அன்று அப்பா சந்தோஷமாக இருப்பார். அன்றைக்குச் சொல்லப் போகிறேன். என்ன சொன்னார் என்று எழுதுகிறேன்.

உன் விஷயம். அரசுக் கல்லூரியில் பி.காம். கிடைத்தும், அம்மா கம்பெனிக்கு வரச் சொல்வதால் விட்டுவிடப் போகிறேன் என்று தம்பி மூலம் சொல்லி அனுப்பினாய். எனக்குக் கோபம் வந்தது. ஆறிலிருந்து அரசுப் பள்ளியில்தானே படித்தாய், புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி முடிகிற வரை மாதம் ஆயிரம் வரும். அம்மாவிடம் சொன்னாயா? ஆயிரம் சம்பளத்துக்கு ஈடாகாது, தெரியும். லைன் வீட்டு வாடகை, தம்பி படிப்பு, எல்லாம் தெரியும். நீ கம்பெனிக்குப் போனால் நான் உன்னைக் குறைத்து நினைக்க மாட்டேன். ஆனால் அம்மாவிடம் ஒரு தடவை வாய்விட்டுக் கேட்காமல் விட்டுவிடாதே. நான் அப்பாவிடம், நீ அம்மாவிடம். சேர்ந்து கேட்போம், சரியா? வேண்டுமென்றால் நான் வந்து உன் அம்மாவிடம் பேசுகிறேன். என் அத்தைதானே அவர், என்னை அடித்துவிடவா போகிறார்.

அப்புறம், நீங்கள் திருப்பூர் போவதற்கு முந்தின வாரம் மூன்றாவது வரிசையில் கடைசியாக நீ ஒரு கன்று வைத்தாயே, கோணலாக வைத்துவிட்டாய் என்று அப்பாயி திட்டிக்கொண்டே நிமிர்த்தியதே, அந்த மரம்தான் இந்த மாசியில் முதலில் பாளை விட்டது. இருபத்தி மூன்று குரும்பை பிடித்தது. முதல் பாளை கொட்டத்தான் செய்யும் என்றார் அப்பா. நேற்று எண்ணினேன், ஒன்பது நிற்கிறது. தீபாவளிக்குக் கம்பெனி எல்லாம் விடுமுறைதானே, அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வா. ஐப்பசியில் இளநீர்ப் பருவமாக இருக்கும். ஒன்பதையும் தொடக்கூடாது என்று அப்பாயியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்,
டார்ச்