நிழலாய் நின்றவருக்கும், உடன் நின்ற எல்லோருக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் பொன் தேடுவோருடன் போன இடத்தில், வெட்டவெளியில் நான் உடல் தளர்ந்து விழுந்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதை மறுபடியும் இங்கே விவரிக்கப் போவதில்லை. உடல் தேறித் திருப்பாதிரிப்புலியூர் வந்து சேர்ந்துவிட்டேன். கை நடுக்கம் இன்னும் முழுமையாக நிற்கவில்லை. ஆனாலும் நன்றி சொல்வதை அதற்காகத் தள்ளிப்போட மனம் ஒப்பவில்லை.

வாழ்நாளெல்லாம் பட்டறையில் பொன்னை உருக்கியும், உரைகல்லில் உரைத்து மாற்றுப் பார்த்தும் பிழைத்தவன் நான். அந்தப் பொன் மண்ணிலிருந்து வெளிப்படுவதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. பெர்த் நகரில் வசிக்கும் என் மாப்பிள்ளை, தாம் உறுப்பினராக உள்ள தங்கம் தேடுவோர் மன்றத்தாருடன், பொன் சுரங்க ஊரான கல்கூர்லிக்கு வடக்கே போகலாம் என்று அழைத்தது அதனால்தான். அரசிடம் உரிமச் சீட்டு பெற்றுக்கொண்டு, உலோகம் காட்டும் கருவியைத் தரையோடு ஒட்டி அசைத்தபடி அந்தச் செம்மண் வெளியில் பொழுதெல்லாம் பொறுமையாக நடப்பவர்கள் அவர்கள். கருவி ஒலித்த இடத்தைத் தோண்டினால் பெரும்பாலும் துருப்பிடித்த ஆணியோ தகர டப்பாவோதான் கிடைக்கும். இரும்பு மிகுந்த கற்களும் பொன்னைப் போலவே ஒலி எழுப்பி ஏமாற்றும். தோண்டிய குழியை மூடிவிட்டே அடுத்த இடத்துக்கு நகர வேண்டும் என்பது அங்கே விதி. கேட்பார் இல்லாத வெளியிலும் அதை ஒருவரும் மீறாததைக் கண்டபோதே அவர்கள் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டாகிவிட்டது.

அவர்களுள் ஒருவர், எழுபதைக் கடந்த பெரியவர், சுரங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். மூட்டு வலியால் நெடுநேரம் நிற்க இயலாத அவர், மடக்கு முக்காலி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டே வருவார். சிறிது தூரம் தேடுவார், அமர்வார், மீண்டும் எழுவார். 1890களில் அந்தப் பகுதிக்குப் பொன் தேடி வந்தவர்கள், மண்ணை அலசத் தண்ணீர் இல்லாமல் அதைக் காற்றில் தூற்றியே பொன்னைப் பிரித்தார்கள் என்பதையும், 1903ஆம் ஆண்டில் பெர்த்துக்கு அருகிலுள்ள முண்டாரிங் அணையிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல் குழாய் பதித்துத்தான் கல்கூர்லிக்குக் குடிநீர் கொண்டுவந்தார்கள் என்பதையும் மாப்பிள்ளை வழியாக எனக்குச் சொன்னவர் அவரே.

அன்று மாலை நான் தரையில் கிடந்தபோது, வண்டிகள் வெகு தொலைவில் இருந்தன. சுற்றிலும் முழங்கால் உயரப் புதர்களைத் தவிர வேறொன்றும் இல்லை. மற்றவர்கள் உதவி கேட்டும் வண்டியைக் கொண்டுவரவும் ஓடிக்கொண்டிருந்த அந்த நேரம் முழுவதும், இந்தப் பெரியவர் தம் நிழல் என் முகத்தில் விழும்படி சூரியனுக்கும் எனக்கும் நடுவே நின்றார். எனக்குத் தெரிந்தவை செம்புழுதி படிந்த இரண்டு காலணிகள் மட்டுமே. நிழல் விலகி என் புருவத்தில் வெயில் பட்டவுடன் அந்தக் காலணிகள் அரை அடி நகரும். மீண்டும் குளிர்ச்சி வரும். தம் தொப்பியையும் தலையில் வைத்துக்கொள்ளாமல், நிழல் இன்னும் சற்று அகலட்டும் என்று கையில் நீட்டிப் பிடித்திருந்தார். முக்காலி பக்கத்திலேயே கிடந்தது. உட்கார்ந்தால் நிழல் எட்டாது என்பதால் அவர் கடைசி வரை உட்காரவில்லை.

இந்த மடலை அவருக்குப் படித்துச் சொல்வதாக மாப்பிள்ளை ஏற்றிருக்கிறார். ஆகவே அவரிடம் நேராகவே சொல்கிறேன். ஐயா, நீங்கள் அன்று தோண்டிக்கொண்டிருந்த இடத்தில் கருவி தெளிவாக ஒலித்ததாகவும், குழியைப் பாதியில் விட்டுவிட்டு என்னிடம் வந்ததாகவும் பிறகு அறிந்தேன். உலையில் பொன் உருகும் வேளையில் பட்டறையை விட்டு எழுவதைப் போன்றது அது. அந்தத் தொழிலில் இருந்தவன் என்பதால் அதன் அருமை எனக்குத் தெரியும். உங்கள் முழங்கால்கள் பட்ட பாட்டுக்கு நான் எதைச் செய்தாலும் ஈடாகாது.

என்னைத் தூக்கிச் சென்ற மன்றத்து நண்பர்கள், 1928ஆம் ஆண்டிலிருந்து அந்த நாட்டின் எட்டாத ஊர்களுக்கெல்லாம் வானூர்தியில் சென்று உயிர் காத்துவரும் பறக்கும் மருத்துவர் சேவையினர், இரவெல்லாம் கண்விழித்த செவிலியர்கள், வேளை தவறாமல் ரசம் சோறு கொண்டுவந்த பெர்த் தமிழ்க் குடும்பங்கள், இங்கே தனியாக இருந்த என் மனைவிக்குத் துணையாகப் படுத்துக்கொண்ட தெருப் பெண்கள், பாடலீஸ்வரர் சன்னிதியில் என் பெயருக்கு அர்ச்சனை செய்தவர்கள் என அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

ஒன்றை மட்டும் செய்ய முடிவெடுத்திருக்கிறேன். இந்தக் கத்திரி தொடங்கும் நாளிலிருந்து, எங்கள் வீட்டு வாசலில் தெருவை மறைக்காத அளவுக்குக் கீற்றுப் பந்தல் போட்டு, பானைத் தண்ணீரும் நீர்மோரும் வைக்கப் போகிறோம். வழக்கமான தண்ணீர்ப் பந்தல்களில் குடித்துவிட்டு நகர வேண்டியிருக்கும். இங்கே முதியவர்கள் வெயில் தாழும்வரை உட்கார்ந்திருக்க பெஞ்சுகளும் இருக்கும். என் உடலில் தெம்பு உள்ளவரை ஒவ்வொரு கோடையிலும் இது தொடரும். கீற்றோ, பானையோ, ஒரு மணி நேர உழைப்போ தர விரும்பும் தெருவாசிகள் வீட்டில் சொல்லிவிட்டால் போதும்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற பொற்கொல்லர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்