'அமெரிக்கப் பொங்கல்' என்று சொல்லிக்கொடுக்க வேண்டாமே

ஆசிரியருக்கு வணக்கம்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை அமெரிக்கர்கள் விருந்து வைத்துக் கொண்டாடும் நன்றி நாளான தேங்க்ஸ்கிவிங் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு அதை 'அமெரிக்கப் பொங்கல்' என்று சொன்னாலே போதும் என்று எழுதியிருந்தார்கள். இரண்டும் அறுவடையை ஒட்டியவை, சரி. ஆனால் பொங்கலுக்கு நாம் சூரியனுக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்கிறோம். இந்த விருந்தின் கதையிலோ, இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு மக்காச்சோளம் போடக் கற்றுக்கொடுத்த பழங்குடி மனிதர்கள் இருக்கிறார்கள். பொங்கல் என்று சொல்லி முடித்துவிட்டால் அவர்கள் கதையிலிருந்தே காணாமல் போய்விடுகிறார்கள்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் தொடக்கப் பள்ளியில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவள். இப்போது நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருக்கிறேன். கிண்டர்கார்டன் படிக்கும் பேரன் போன நவம்பரில் ஒரு நாள் தலையில் காகித இறகுக் கிரீடத்தோடு வந்து, "பாட்டி, நான் இன்னைக்கு இந்தியன்!" என்றான். "நாம தினமுமே அதுதானேடா" என்று சிரித்துவிட்டேன். அப்புறம்தான் விசாரித்தேன். அமெரிக்கப் பழங்குடிகளையும் இங்கே இந்தியர் என்று சொல்வதுண்டாம். அந்தப் பெரிய இறகுக் கிரீடம் அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள சமவெளிப் பழங்குடிகளுடையது. மாசசூசெட்ஸில் பிளிமத் கடற்கரையில் அந்த விருந்துக்கு வந்த வாம்பனோவாக் பழங்குடி மக்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மகள் டீச்சருக்கு ஒரு மெயில் போட்டாள். அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்வதாகப் பதில் வந்தது.

நான் அடுத்த ஆண்டுவரை காத்திருக்கவில்லை. அன்று ராத்திரியே சாப்பாட்டு மேஜையில் கதையை ஆரம்பித்தேன். 1620இல் இங்கிலாந்திலிருந்து மேஃபிளவர் கப்பலில் வந்தவர்கள் 102 பேர். முதல் குளிர்காலத்திலேயே பாதிப் பேர் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்களுக்கு வழிகாட்டியவர் டிஸ்குவாண்டம் என்ற வாம்பனோவாக் மனிதர். அவரை முன்பே ஓர் ஆங்கிலேயர் கப்பலில் பிடித்துக்கொண்டுபோய் ஸ்பெயினில் விற்கப் பார்த்திருக்கிறார். எப்படியோ தப்பி ஊர் திரும்பினால், ஊரில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. கொள்ளைநோய். "அஞ்சு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் அதிகம்மா" என்றாள் மகள். சீதையைத் தூக்கிக்கொண்டு போன கதையை மூன்று வயதில் உனக்குச் சொல்லித்தானே சோறு ஊட்டினேன் என்றேன்.

பேரனுக்குப் பிடித்தது விவசாயப் பகுதி. மண்ணை மேடாகக் குவித்து, அடியில் மீனைப் புதைத்து, மேலே மக்காச்சோளம். சோளத் தட்டையைப் பிடித்துக்கொண்டு அவரை ஏறும். கீழே பூசணி படர்ந்து களையை அடக்கும். நம் ஊர் ஊடுபயிர்தான்! டிஷ்யூ பெட்டியில் மண் போட்டு ஒரு மேடு கட்டினோம். (மீனுக்குப் பதில் கறிவேப்பிலைக் காம்பு. வீட்டில் சைவம்.)

அடுத்து எண்ணிக்கை. 1621 அறுவடை விருந்து மூன்று நாள் நடந்தது என்றும், மாசசோயிட் என்ற வாம்பனோவாக் தலைவர் ஏறக்குறைய 90 ஆட்களோடு வந்து ஐந்து மான் கொடுத்தார் என்றும் அங்கிருந்த எட்வர்ட் வின்ஸ்லோ ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். குடியேறியவர்கள் ஐம்பது பேர்தான் இருந்திருப்பார்கள். 50 கொண்டைக்கடலை, 90 சோளமுத்து என்று மேஜையில் பரப்பினேன். பள்ளியில் ஒட்டியிருந்த படத்தில் இது நேர்மாறாக இருந்ததைப் பேரனே கண்டுபிடித்தான்.

"அப்புறம் சோளமுத்தெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டான். பின்னால் வந்தவர்கள் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள், மாசசோயிட் மகன் காலத்தில் பெரிய சண்டை நடந்தது, ஆனாலும் அந்த மக்கள் இன்றும் மாசசூசெட்ஸில் இருக்கிறார்கள் என்றேன். 1970 முதல் தேங்க்ஸ்கிவிங் வியாழக்கிழமை அன்றே அவர்களில் பலர் பிளிமத்தில் கூடித் துக்கநாள் அனுசரிப்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டான்.

அதற்காகக் கொண்டாட்டத்தை விடவில்லை. கையைக் காகிதத்தில் வைத்து வரைந்து, கட்டைவிரலைத் தலையாகவும் மற்ற நான்கையும் இறகாகவும் ஆக்கி வான்கோழி செய்தோம். பூசணி வைத்துச் சுடும் 'பை' என்ற இனிப்பும் உண்டு. 1621இல் கோதுமை மாவும் பை சுடும் ஓவனும் இல்லாததால் அந்தப் பை இருந்திருக்காது. ஆனால் பூசணி அந்த மண்ணுடையது. அமெரிக்காவிலிருந்து பறங்கியர் வழியாக நமக்கு வந்ததால்தானே அதைப் பறங்கிக்காய் என்கிறோம்!

லிங்கன் நவம்பரின் நான்காவது வியாழனை அறிவித்தார் என்று கட்டுரையில் ஒரு பிழையும் உண்டு. லிங்கன் 1863இல் அறிவித்தது நவம்பரின் கடைசி வியாழன். நான்காவது வியாழன் என்பது 1941இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய சட்டம். லிங்கனின் அறிவிப்பில் பிளிமத் விருந்தைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

அடுத்த நவம்பரில் சிறுவர் பக்கத்தில் இதைப் போடுவதாக இருந்தால், ஓவியரிடம் இறகுக் கிரீடம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
எடிசன், நியூ ஜெர்சி