மண்ணைக் கவ்வியவர்களும் கடல் ஊறிய நெஞ்சும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தில் இலத்தீன் கவிஞர் வர்ஜிலின் காப்பியமும் கிரேக்கக் கவிஞர் ஹோமரின் காப்பியங்களும் அந்தந்த நாட்டு மக்களின் பேச்சுமொழிகளுக்கு வந்து சேர்ந்த வரலாறு குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். இத்தகைய பொருளுக்கு ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கிய தங்களுக்கு முதலில் என் நன்றி. ஆயினும் அக்கட்டுரை வந்து சேர்ந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. அந்த மொழிபெயர்ப்புகள் பிழை மலிந்தவை, மூலத்தில் இல்லாதவற்றைச் சேர்த்தவை, திருத்தமான பெயர்ப்புகள் கைக்கு எட்டும் இந்நாளில் ஆராய்ச்சியாளர்கள் தவிர மற்றவர்கள் அவற்றைப் புரட்ட வேண்டிய தேவையில்லை என்கிறார் கட்டுரையாளர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்து, அவற்றில் சிலவற்றை வகுப்பில் வாய்விட்டுப் படித்துக் காட்டியவன் என்ற முறையில், இதற்கு மறுமொழி எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

பிழைகள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஹோமரை ஆங்கிலத்தில் தந்த ஜார்ஜ் சாப்மன், 1583இல் பாசல் நகரில் வெளிவந்த, கிரேக்க மூலமும் இலத்தீன் பெயர்ப்பும் அருகருகே அமைந்த பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டே வேலை செய்தார். அந்த இலத்தீன் சறுக்கிய இடங்களில் அவரும் சறுக்கியிருக்கிறார். ஆனால் அன்றைய நிலையை நாம் மறந்துவிடலாகாது. 1354இல் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்குக்குக் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஹோமரின் கிரேக்கச் சுவடி ஒன்று பரிசாக வந்தது. அவருக்குக் கிரேக்கம் தெரியாது. 'உங்கள் ஹோமர் என் முன் ஊமையாக இருக்கிறார், இல்லை, நான் அவர் முன் செவிடனாக இருக்கிறேன்' என்று சுவடியை அனுப்பியவருக்கு எழுதியவர், அதை அடிக்கடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெருமூச்சு விடுவதாகவும் அதே கடிதத்தில் குறிப்பிடுகிறார். ஐரோப்பாவிலேயே பெரும் புலவராக மதிக்கப்பட்டவரின் நிலை இதுவென்றால், இலத்தீனும் அறியாத வணிகரும் வீட்டுப் பெண்டிரும் எந்த நிலையில் இருந்திருப்பார்கள்? அந்தச் செவிட்டுத்தன்மையை நீக்கப் புறப்பட்டவர்களே நாம் பேசும் மொழிபெயர்ப்பாளர்கள்.

அவர்களுக்கு இன்னொரு இடர்ப்பாடும் இருந்தது. எந்த மொழியில் பெயர்ப்பது என்பதே அன்று தெளிவாக இல்லை. வில்லியம் காக்ஸ்டன் 1490இல், வர்ஜிலின் காப்பிய நாயகனான ட்ராய் நகர வீரன் ஈனியஸின் கதையைப் பிரெஞ்சிலிருந்து ஆங்கில உரைநடைக்குக் கொண்டுவந்து அச்சிட்டபோது, அதன் முன்னுரையில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். தேம்ஸ் ஆற்றிலிருந்து கப்பலேறிய வணிகர் சிலர், காற்று இல்லாமையால் கரையில் இறங்கி, ஒரு வீட்டுப் பெண்ணிடம் முட்டை கேட்கிறார்கள். அவர்களில் ஒருவர் 'எக்ஸ்' என்று கேட்க, அந்தப் பெண் தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று சொல்லிவிடுகிறார். தனக்கும் பிரெஞ்சு தெரியாதே என்று வணிகருக்குச் சினம். மற்றொருவர் 'ஐரன்' என்று கேட்ட பிறகே அந்தப் பெண்ணுக்குப் புரிகிறது. இரண்டும் ஆங்கிலச் சொற்களே. ஒரு முட்டைக்கே பொதுச்சொல் இல்லாத மொழியில் ட்ராய் நகரம் எரிந்ததை எப்படிச் சொல்வது என்று அவர்கள் கவலைப்பட்டதில் வியப்பில்லை.

கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துபோன கேவின் டக்ளஸ் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் புனித ஜைல்ஸ் தேவாலயத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த இவர், வர்ஜிலின் ஈனியட் காப்பியம் முழுவதையும் பதினெட்டு மாதங்களில் ஸ்காட்ஸ் மொழிக்குக் கொண்டுவந்து, 1513 ஜூலை 22ஆம் நாள் முடித்தார். தம் மொழிக்கு 'ஸ்காட்டிஸ்' என்றே பெயர் சொல்லி, தென்னாட்டு ஆங்கிலத்தை நாடாமல் அதிலேயே எழுத முயன்றதாகவும், சொல் போதாத இடங்களில் மட்டும் இலத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் கடன் வாங்கியதாகவும் அவரே ஒப்புக்கொள்கிறார். காக்ஸ்டனின் நூல்மீது அவருக்குக் கடுங்கோபம். வர்ஜிலுக்கும் அந்த நூலுக்கும் உள்ள ஒற்றுமை, சாத்தானுக்கும் புனித அகஸ்டினுக்கும் உள்ள ஒற்றுமைதான் என்று எழுதினார். மூலத்தை மதிக்காமல் மனம்போனபடி எழுதியவர்களின் வரிசையில் கட்டுரையாளர் இவரையும் நிறுத்தியிருப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது.

ஓரிடத்தை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். முதல் காண்டத்தில் புயலில் சிக்கிய ஈனியஸ், ட்ராய் மதிலின் அடியில் தந்தையர் கண்முன்னே போரில் இறந்தவர்கள் பேறு பெற்றவர்கள் என்று கைகளை உயர்த்திக் கதறுகிறான். 'மும்மடங்கும் நான்மடங்கும் பேறு பெற்றோர்' என்பது வர்ஜிலின் தொடர். டக்ளஸ் மூன்றையும் நான்கையும் கூட்டி, 'ஏழு மடங்கு' என்று எழுதினார். அது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் அடுத்து வருவதைக் கவனிக்க வேண்டும். இறந்தார்கள் என்பதற்கு வர்ஜில் 'ஒப்பெத்தெரே' என்ற வினையை ஆள்கிறார். இறப்பை எதிர்கொள்வது என்று அகராதி பொருள் சொல்லும். இன்றைய பெயர்ப்பாளர்கள் பலரும் 'மடிந்தார்கள்' என்று எழுதிவிட்டு மேலே செல்வார்கள். செர்வியஸ் என்ற பழைய உரையாசிரியரோ அச்சொல்லைப் பிரித்து, வாயால் நிலத்தை நாடுவது என்று பொருள் கண்டார். டக்ளஸ் அந்த உரையைக் கற்றவர். ஆகவே 'பைட்டண்ட் தி எர்ட்', அதாவது மண்ணைக் கடித்தபடி இறந்தார்கள் என்று எழுதினார். ஹோமரின் இலியட் காப்பியத்தில் வீரர்கள் பல்லால் மண்ணைப் பற்றி விழும் காட்சி வருவதை நினைத்தால், கிரேக்கம் வழியே வராத டக்ளஸ், ஓர் உரையாசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டு ஹோமரின் வாசலுக்கே வந்து நிற்பது விளங்கும். இந்த வரியை நான் வகுப்பில் படித்தபோது, பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, 'மண்ணைக் கவ்வினான் என்று நாமும் சொல்வோமே, ஐயா' என்றான். நம் வழக்கில் அது தோற்றவனைக் குறிக்கும் ஏளனச் சொல்லாகிவிட்டது. ஈனியஸ் வாயிலோ அது ஏங்கிச் சொல்லும் சொல். இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பற்றியே அன்று வகுப்பு முழுவதும் பேசினோம். 'மடிந்தார்கள்' என்ற திருத்தமான சொல்லை வைத்துக்கொண்டு அந்த ஒரு மணி நேரத்தை நான் நடத்தியிருக்க முடியாது.

உரையைப் பாட்டுக்குள் கரைத்துவிடுவது மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பதாகாது. வர்ஜிலை அந்நாளைய மாணவன் வெறும் மூலமாக ஒருபோதும் படித்ததில்லை. பக்கத்தின் நடுவில் நான்கைந்து வரி மூலமும் அதைச் சுற்றி நாற்புறமும் உரையுமாக அச்சிட்ட நூலிலேயே படித்தான். இன்றைய ஸ்பெயினின் பகுதியான காஸ்டில் நாட்டில் என்ரிக்கே தெ வில்லேனா 1427-28இல் ஈனியட்டைப் பெயர்த்தபோதே, பெயர்ப்போடு மிக விரிவான உரைக் குறிப்புகளையும் தாமே எழுதத் தொடங்கினார். மூலத்தையும் உரையையும் சேர்த்துப் படித்த ஒரு தலைமுறை, தான் படித்ததை அப்படியே தன் மொழியில் பதிந்து வைத்திருக்கிறது. வர்ஜில் என்ன எழுதினார் என்பதை அறிய இன்றைய பெயர்ப்புகள் போதும். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் கழித்து ஒரு நல்ல வாசகன் வர்ஜிலை எப்படிப் படித்தான் என்பதை அறிய டக்ளஸை விட்டால் வேறு வழி ஏது?

அந்த வாசகன் நம் கண்முன்னே அமர்ந்திருப்பதை ஏழாம் காண்டத்தின் முன்னுரைப் பாட்டில் காணலாம். டக்ளஸ் ஒவ்வொரு காண்டத்துக்கும் தாமே ஒரு முன்னுரைப் பாடல் இயற்றினார். ஏழாவது, ஸ்காட்லாந்தின் கடுங்குளிரைப் பாடுவது. இரவில் காட்டு வாத்துகள் கத்திக்கொண்டு பறப்பதைப் படுக்கையில் கிடந்தபடி கேட்கிறார். விடிந்ததும் எழுந்து பனியைப் பார்த்து நடுங்கி நெருப்பருகே ஒதுங்குகிறார். அப்போது சாய்மேசைமீது விரித்து வைத்த வர்ஜில் கண்ணில் படுகிறார். எஞ்சிய வேலை இருக்கும்வரை எதுவும் முடிந்ததாகாது என்று மனம் உறுத்த, எழுதுகோலைக் கையில் எடுக்கிறார். மொழிபெயர்ப்பாளரின் உழைப்பை இத்தனை அருகில் காட்டும் பாடல் வேறொன்றை நான் படித்ததில்லை. காப்பியம் முடிந்த நாளிலிருந்து சரியாக ஏழாவது வாரம், செப்டம்பர் 9 அன்று, ஃபிளாடன் போரில் ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் வீழ்ந்தார். டக்ளஸ் தம் நூலை எவருக்குக் காணிக்கையாக்கினாரோ அந்த சின்க்ளேர் பிரபுவும் அதே களத்தில் மாண்டார். மண்ணைக் கடித்து விழுந்தவர்களைப் பாடியவருக்கு நேர்ந்ததை எண்ணும்போது இன்றும் மனம் கனக்கிறது. 1522இல் அவர் இலண்டனில் இறந்தார். நூல் அச்சேறியதோ 1553இல்தான்.

கட்டுரையில் ஒரு செய்தியையும் திருத்த வேண்டியுள்ளது. 'பிளாங்க் வெர்ஸ்' எனப்படும், இயைபு அற்ற பத்தசை வரியை ஆங்கிலத்துக்குத் தந்தவர் நாடகாசிரியர் மார்லோ என்று எழுதப்பட்டிருக்கிறது. அவர் அதை மேடையில் முழங்கச் செய்தவர், உண்டாக்கியவர் அல்லர். எட்டாம் ஹென்றியின் ஆணையால் 1547 ஜனவரியில் தலை வெட்டப்பட்ட சர்ரே பிரபு ஹென்றி ஹோவர்டே ஈனியட்டின் இரண்டாம், நான்காம் காண்டங்களை மொழிபெயர்க்கும்போது அந்த யாப்பை முதன்முதலாகக் கையாண்டார். நான்காம் காண்டம் 1554ஐ ஒட்டி அச்சானபோது, அதன் முகப்பிலேயே 'விந்தையான யாப்பு' என்று அச்சிட்டார்கள். இலத்தீன் காப்பிய வரிக்கு இயைபு கிடையாது. அதன் கட்டுக்கோப்பைத் தம் மொழியில் எப்படிப் பிடிப்பது என்று தேடிய சர்ரே, இத்தாலியர் கையாண்டுவந்த இயைபற்ற வரியிலிருந்து வழி கண்டிருக்க வேண்டும். டக்ளஸின் தொடர்கள் பல சர்ரேயின் வரிகளில் அப்படியே இருக்கின்றன. டக்ளஸின் நூல் அச்சாவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே சர்ரே இறந்துவிட்டதால், கையெழுத்துப் படியாகத்தான் அதைப் படித்திருப்பார். பின்னாளில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களும் மில்டனின் காப்பியமும் எந்த வரியில் நடந்தனவோ, அந்த வரி ஒரு மொழிபெயர்ப்பாளரின் மேசையில் பிறந்தது. ஆராய்ச்சியாளருக்கு மட்டும் உரிய செய்தியா இது?

சாப்மனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1598இல் இலியட்டின் ஏழு காண்டங்கள், 1611இல் அது முழுமையாக, பிறகு ஒடிசி, 1616இல் இரண்டும் ஒரே தொகுதியில் என்று அவர் வாழ்நாளின் பெரும்பகுதியை ஹோமருக்கே கொடுத்தார். சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து, 1816 அக்டோபரில் ஓர் இரவு, கிரேக்கம் அறியாத ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ், நண்பர் கௌடன் கிளார்க்கின் வீட்டில் அந்தப் பெரிய தொகுதியைப் பிரித்தார். ஒடிசியின் நாயகன் ஒடிஸ்யூஸ் கடலில் அலைந்து கரையேறி, உடல் வீங்கி, மூச்சும் பேச்சும் இன்றிக் கிடக்கும் இடம் வந்தது. கடலால் அவன் நெஞ்சு ஒடுங்கிப்போயிற்று என்பது மூலம். 'கடல் அவன் நெஞ்சுக்குள் ஊறி நனைத்துவிட்டிருந்தது' என்று எழுதினார் சாப்மன். மூலத்தோடு ஒப்பிட்டால் இது மிகைதான். ஆனால் அதைக் கேட்ட கீட்ஸின் கண்கள் மகிழ்ச்சியில் விரிந்ததைக் கிளார்க் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். விடியற்காலையில் நடந்தே வீடு திரும்பிய கீட்ஸ், அன்று காலை பத்து மணிக்குள் ஒரு பதினான்கு வரிப் பாடலை எழுதி நண்பருக்கு அனுப்பிவிட்டார். அந்தப் பாடலை நம் கல்லூரிகளில் பாடமாக வைத்திருக்கிறோம். அதைப் பிறப்பித்த சாப்மனை மட்டும் படிக்க வேண்டாம் என்கிறோம்.

இத்தாலியில் அன்னிபாலே காரோவின் ஈனியட் அவர் மறைவுக்குப் பின் 1581இல் வெனிஸில் வெளிவந்தது. வர்ஜில் பத்தாயிரம் வரிக்குள் சொன்னதை அவர் பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகளில் சொன்னார். அதன் பின் பல தலைமுறை இத்தாலிய மாணவர்கள் அதைப் பாடநூலாகவே படித்தார்கள். வர்ஜில் பிறந்த மான்டுவா வட்டாரத்துக் காஸ்திலியோனே என்ற ஊரில்தான் 1680இல் நம் வீரமாமுனிவரும் பிறந்தார். இலத்தீன் காப்பியங்களைப் பயின்று வந்த அவர், தமிழ் விருத்தத்தில் தேம்பாவணி பாடியதை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அது தனியே எழுத வேண்டிய செய்தி.

தங்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தொடரின் அடுத்த பகுதி வெளிவருமானால், டக்ளஸின் பத்து வரிகளையும் சாப்மனின் பத்து வரிகளையும் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்து, பக்கத்திலேயே தமிழாக்கத்தையும் மூலத்தின் நேர்ப்பொருளையும் அச்சிட வேண்டுகிறேன். வாசகர்கள் அவற்றை வாய்விட்டுப் படிக்கட்டும். இதுவரை கற்றோர் மட்டுமே அறிந்திருந்த வர்ஜில், இனி எழுத்தறியாதவர்களுக்கும் உரக்கப் படித்துக் காட்டப்படுவார் என்று தம் நூலின் முடிவில் டக்ளஸ் நம்பிக்கையோடு எழுதியிருக்கிறார். கண்ணுக்கு மட்டுமன்றிக் காதுக்காகவும் எழுதப்பட்ட நூல் அது. அதே முடிவுரையில், பலகையிலும் முக்காலியிலும் அமர்ந்து பிள்ளைகளுக்கு வர்ஜிலைக் கற்பிக்கும் ஆசிரியர்களை நோக்கி, இந்த உழைப்புக்காக எனக்கு நன்றி சொல்லுங்கள் என்றும் கேட்கிறார். அப்படி ஒரு பலகையில் நெடுங்காலம் அமர்ந்திருந்தவன் நான். ஐந்நூறு ஆண்டுகள் தாழ்த்தியேனும் அந்த நன்றியைத் தங்கள் இதழின் வழியே அவருக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர்,
பாளையங்கோட்டை