பையின் எடை

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். உனக்கென்று நீ வகுத்துக்கொண்ட ஒன்பது விதிகளையும், கடையைச் சாத்திய பிறகு கல்லாவில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். வேலைக்குப் போன முதல் வருடத்திலேயே இப்படி எழுதிவைக்க உனக்குத் தோன்றியதில் எனக்கு அத்தனை சந்தோஷம். கடைசி வரியில் மட்டும், ‘வேறு யாருக்கும் காட்டிவிடாதீர்கள் பெரியப்பா’ என்று கேட்டிருந்தாய். அதனால் அவற்றில் ஒன்றைக்கூட இங்கே எழுதப்போவதில்லை. அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் பேச வேண்டும். எல்லோரும் படிக்க எழுதலாம் என்று நீ சம்மதம் சொன்னதால் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அச்சகம் நடத்திய பெஞ்சமின் பிராங்க்ளினும் இளம் வயதில் உன்னைப் போலவே பட்டியல் போட்டார். சிறிய நோட்டில் குணத்துக்கு ஒரு பக்கம். அதில் சிவப்பு மையால் கோடு போட்டு, கிழமைக்கு ஒரு கட்டம். தவறிய அன்று கறுப்புப் புள்ளி. வாரத்துக்கு ஒரு குணமாக 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்தில் நான்கு சுற்று. ஆனால் அவர் முதலில் எழுதியவை 12 குணங்கள்தான். அவருக்குத் தலைக்கனம் என்று பலரும் நினைப்பதாக குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் சொன்னார். சொன்னதோடு விடாமல், நடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார். அதற்குப் பிறகே பணிவு 13ஆவதாகச் சேர்ந்தது. இவ்வளவு கணக்கு வைத்தவருக்கு அது தானாகத் தெரியவில்லை, பார்!

அதைவிடப் பெரிய குறை ஒன்றும் இருந்தது. அந்தப் பட்டியலில் நீதியும் ஒரு குணம். ஆனாலும் அவர் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். அவருடைய பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வந்தன. 1787இல் அடிமைமுறை ஒழிப்புச் சங்கத்துக்கு அவர் தலைவரானபோது வயது 81. அந்த நோட்டை ஓர் அடிமையின் கையில் கொடுத்திருந்தால், நீதிக்கான பக்கத்தில் எத்தனை புள்ளி விழுந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

காந்தி வேறு மாதிரி செய்தார். 1915இல் அகமதாபாத்தை அடுத்த கோச்ரபில் ஆசிரமம் தொடங்கும்போது, விதிகளின் வரைவை நண்பர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த குருதாஸ் பானர்ஜி, பணிவையும் ஒரு விரதமாக, அதாவது ஆசிரமவாசிகள் காக்க வேண்டிய உறுதிமொழியாகச் சேர்க்கச் சொன்னார். விரதமாக்கினால் பணிவு பணிவாக இருக்காது என்று காந்தி அதைச் சேர்க்கவில்லை. பிராங்க்ளின் சேர்த்ததை இவர் மறுத்தார். இதில் எனக்கு காந்தி சொல்வதே சரியாகப் படுகிறது. ஆனாலும் பானர்ஜி கேட்டதால்தானே அவருக்கு அதை யோசிக்க வேண்டிவந்தது? சில மாதங்களில் தூதாபாய், தானிபென், அவர்களுடைய குழந்தை லட்சுமி என்று தீண்டாதார் என ஒதுக்கப்பட்ட ஒரு குடும்பம் ஆசிரமத்தில் சேர வந்தது. சேர்த்துக்கொண்டதும் பண உதவி நின்றது, கிணற்றடியில் வசவு விழுந்தது, ஆசிரமத்துக்குள்ளேயே முகச்சுளிப்பு. ஆனால் தீண்டாமை பார்ப்பதில்லை என்பது ஊரறியச் சொன்ன விதி என்பதால் பின்வாங்க வழியே இல்லை.

என் கதைக்கு வருகிறேன். தராசில் சரக்கோடு காகிதப் பையையும் வைத்து நிறுத்தால், பையின் எடைக்குப் பருப்பு குறையும். பதினைந்து கிராம் இருக்கும். கடை ஆரம்பித்த புதிதில், எடைக்கல் தட்டிலும் ஒரு காலிப் பையைப் போட்டே நிறுப்பது என்று முடிவு செய்தேன். வேலைக்குச் சேர்ந்த தம்பியிடமும் சொன்னேன். ஒரு தீபாவளிக்கு முந்தைய நாள் சாயங்காலம். வாசல் வரை கூட்டம். துவரம்பருப்பை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் நின்ற அந்தத் தம்பி மெல்ல, “அண்ணாச்சி, பை” என்றார். எடைக்கல் தட்டில் பை இல்லை. எப்போது விழுந்ததோ தெரியாது. அத்தனை பேர் முன்னால் எனக்கு முகம் சிவந்துவிட்டது. “வேலையைப் பார்” என்று கத்தினேன். ஆனாலும் கை போய்ப் பையை எடுத்து வைத்தது. இரவு கணக்கு முடித்த பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதுவரை யாருக்கெல்லாம் குறைத்துக் கொடுத்தேன் என்பது இன்றைக்கும் தெரியாது. அவரிடம் அந்த விதியைச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தச் சீசன் முழுக்க அப்படியே நிறுத்திருப்பேன்.

அதனால் கேட்கிறேன், உன் பட்டியலை என்னிடம் மட்டும் காட்டினால் போதாது. எனக்கு உன் மேல் பாசம். குறை கண்ணில் படாது. உன் தம்பியிடம் கொடு. சிறு வயதிலிருந்து உன்னோடு சண்டை போடுகிறவன் அவன். ஆறாவது விதியை அவன் படித்தால் என்ன சொல்வான் என்று எனக்கு ஓரளவு தெரியும், உனக்கும் தெரிந்திருக்கும்.

என்னுடைய விதிகளையும் இந்த வாரம் தபாலில் அனுப்புகிறேன். ஏழுதான். நான்காவதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. பள்ளி விடுமுறைகளில் நீ கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களை நினைத்துப் பார்த்து, தயங்காமல் எழுது.

அன்புடன்,
பெரியப்பா