புடவை நிறம் போட்டோவிலேயே தெரிகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

பட்ஜெட் நாளான பிப்ரவரி 1 வந்தால் போதும், நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் என்ன புடவை கட்டி வந்தார் என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டுவிடுகிறீர்கள். டிவிக்காரர்கள் அதற்கும் மேலே போய், 2019 முதல் அவர் கட்டிய புடவைகளை வரிசையாகக் காட்டி, இது மங்களகிரி, அது போச்சம்பள்ளி என்று பாடமே நடத்துகிறார்கள். நான் அவர் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவள் இல்லை. ஆனாலும் முழுநேர நிதியமைச்சரான முதல் பெண் அவர், 2025இல் வாசித்தது தொடர்ந்து எட்டாவது பட்ஜெட், அன்றைக்குப் போய் பார்டர் என்ன நிறம் என்றா பார்ப்பது?

ஆண்களின் உடையும் செய்தியாகியிருக்கிறதே என்பீர்கள். ஆமாம், 2015இல் ஒபாமா வந்தபோது மோடி தன் பெயரையே கோடு கோடாக நெய்த கோட் போட்டிருந்தார், ஊரெல்லாம் அதே பேச்சு, ‘சூட் பூட் சர்க்கார்’ என்று ராகுல் கேலி செய்தார். அப்புறம் ராகுல் நடைபயணத்தில் போட்ட டி-ஷர்ட் என்ன விலை என்று பாஜக கேட்டது. இரண்டிலும் ஒரு கேள்வி இருந்தது. நிர்மலா விஷயத்தில் வர்ணனை மட்டும்தான்.

2025இல் அவர் கட்டியது மதுபனி ஓவியப் புடவை, ஓவியர் பத்மஸ்ரீ துலாரி தேவி கொடுத்தது. சரி, அழகாகத்தான் இருந்தது. ஆனால் மதுபனி இருப்பது பீகாரில், அந்த பட்ஜெட்டிலேயே பீகாருக்கு மக்கானா (அங்கே விளையும் ஒரு நீர்த்தாவர விதை) வாரியம், விமான நிலையங்கள், கோசி கால்வாய் என்று அறிவிப்புக்கு மேல் அறிவிப்பு, வருடக் கடைசியில் அங்கே தேர்தல். புடவையைப் பற்றி எழுதியே ஆக வேண்டுமென்றால் இதையல்லவா எழுதியிருக்க வேண்டும்? அவர் யோசித்துத்தான் கட்டி வருகிறார். நீங்கள் ரசித்துவிட்டுப் போனால் அவருக்கு வசதிதான், ஏமாறுவது காசு கொடுத்துப் பேப்பர் வாங்குகிற நாங்கள்.

நம் ஊர்க் கதையும் இதேதான். 2021 தேர்தலில் சட்டமன்றத்துக்குப் போன 234 பேரில் பெண்கள் 12 பேர். அவர்கள் யாருடைய மகள், யாருடைய மனைவி என்று படித்திருக்கிறேன், அவையில் என்ன பேசினார்கள் என்று தேடினாலும் கிடைப்பதில்லை.

அடுத்த பட்ஜெட் அன்று அந்தப் பெட்டியில் தமிழ்நாட்டு ரயில் திட்டங்களுக்கு எவ்வளவு ஒதுக்கினார் என்று போடுங்கள். புடவை நிறத்தைக் கலர் போட்டோவில் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி