முள்ளோடையில் இறங்கி நடக்கிறவர்கள்

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் மென்பொருள் டீம்களை நடத்துகிற மேலாளர்களுக்கும், புது டூல் வாங்கும் ஃபைலில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் மஞ்சக்குப்பத்துக்காரி. 14 வருடமாகப் புதுச்சேரிக்கு பஸ் ஏறி வந்து ரிலீஸ் வேலை, அதாவது முடிந்த மென்பொருளைச் சரிபார்த்து வெளியிடும் வேலை, பார்க்கிறேன். மூன்று கம்பெனி மாறியாயிற்று. எதன் பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு டூலில் இருக்கும் தகவல் இன்னொரு டூலுக்குத் தானாகப் போய்ச் சேராத இந்த விஷயத்தில் வீட்டுக்கு வீடு வாசப்படிதான்.

2020 ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்த நாட்கள் நினைவிருக்கிறதா? கடலூரிலிருந்து வரும் வண்டி புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடையோடு நின்றுவிடும். பையைத் தூக்கிக்கொண்டு எல்லையை நடந்து தாண்டி, அந்தப் பக்கம் வேறு வண்டி பிடிக்க வேண்டும். இந்தப் பக்கத்து வண்டியிலும் குறை கிடையாது, அந்தப் பக்கத்து வண்டியிலும் குறை கிடையாது. ரோடும் ஒரே ரோடு. நடுவில் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் எதுவும் ஓடாது. அதை நம் கால்தான் ஈடுகட்டியது.

உங்கள் டீமில் அப்படி நடக்கிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? எங்கள் டீமில், வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடமான ஒரு பிள்ளை. வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு அவள் திரையில் வேலைகளை டிக்கெட்டாகப் பதியும் ஜிரா ஒரு டேப், மென்பொருளின் கோடை (நிரலை) வைத்திருக்கும் கிட்ஹப் ஒன்று, அந்தக் கோடை ஓடும் மென்பொருளாகக் கட்டும் ஜென்கின்ஸ் ஒன்று, டெஸ்ட் கேஸ் எழுதும் டூல் ஒன்று, கஸ்டமர் புகார் வரும் மெயில் ஒன்று. எல்லாவற்றுக்கும் நடுவில் எக்செல். டிக்கெட் எண்ணை ஜிராவிலிருந்து காப்பி செய்வாள். கிட்ஹப்பில் தேடி, திருத்தம் முதன்மைக் கோடோடு சேர்ந்து மெர்ஜ் ஆகியிருக்கிறதா என்று பார்ப்பாள். எந்த பில்டில் (கட்டிய பதிப்பில்) போனது என்று ஜென்கின்ஸில் துழாவுவாள். பிறகு எக்செல்லில் அந்தக் கட்டத்துக்குப் பச்சை அடிப்பாள். அப்படி 38 வரிசை. இடையில் யாராவது கூப்பிட்டால் விட்ட இடம் தெரியாமல் போய்விடுமே என்று, மஞ்சள் நிற ஸ்டிக்கி நோட்டு ஒன்றைத் திரையிலேயே ஒட்டி, ஒவ்வொரு வரிசையாகக் கீழே இறக்கிக்கொண்டே வருவாள்.

ஏழு மணிக்கு அந்த ஷீட் மேலாளருக்குப் போகும். அவர் திங்கட்கிழமை திறப்பார். அதற்குள் சனிக்கிழமை யாராவது இரண்டு மெர்ஜ் போட்டிருப்பார்கள்.

ஒரு முறை அந்த ஷீட்டின் பச்சையை நம்பி, "சரிசெய்தாயிற்று" என்று கஸ்டமருக்குப் பதில் போனது. டிக்கெட்டை மூடியது உண்மை. திருத்திய கோடு மெர்ஜ் ஆகாமல் இன்னொரு பிராஞ்சில் (தனிக் கிளையில்) உட்கார்ந்திருந்ததும் உண்மை. நடந்த மீட்டிங்கில் திட்டு வாங்கியது அந்தப் பிள்ளை. நானும் அந்த அறையில்தான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. இந்த மடலை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மீட்டிங்கின் முடிவு என்ன தெரியுமா? புதிதாக ஒரு டாஷ்போர்டு டூல். பத்தோடு பதினொன்று, அத்தோடு இது ஒன்று. அந்த டாஷ்போர்டும் தகவலை அதே எக்செல்லிலிருந்துதான் எடுத்துக்கொண்டது.

"எல்லோரும் ஒரே டூலுக்கு மாறிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது" என்று சொல்கிறவர்களுக்கு ஏர்பஸ் ஏ380 கதையை நினைவுபடுத்துகிறேன். ஒரு விமானத்துக்குள் சுமார் 530 கிலோமீட்டர் ஒயர். வரைபடம் வரைய ஜெர்மனியிலும் கேட்டியா (CATIA) என்ற மென்பொருள், பிரான்சிலும் அதே மென்பொருள். ஆனால் ஹாம்பர்க்கில் இருந்தது 4ஆம் பதிப்பு, துலூஸில் இருந்தது 5ஆம் பதிப்பு. இரண்டுக்கும் நடுவே தகவல் சரியாக வந்து சேரவில்லை. விமானத்துக்குள் ஒயரை இழுத்துப் பொருத்தப் போனபோது நீளம் பத்தவில்லை. 2006இல் தாமதத்துக்கு மேல் தாமதமாக அறிவித்து, முதல் விமானத்தைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் கொடுக்க 2007 அக்டோபர் ஆகிவிட்டது. டூலின் பெயர் இரண்டு பக்கமும் ஒன்றுதான். அது மட்டும் போதவில்லை.

ஆகவே டூலை மாற்றச் சொல்லி நான் இதை எழுதவில்லை. இருக்கிற டூல்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியைப் பற்றித்தான் பேசுகிறேன். அதில் பாதியைச் செலவே இல்லாமல் அடைத்துவிடலாம்.

முதல் வேலை டிக்கெட் எண். பிராஞ்சின் பெயரில், கமிட் செய்தியில் (மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் குறிப்பில்), புல் ரிக்வெஸ்ட் (மெர்ஜ் செய்யச் சொல்லும் கோரிக்கை) தலைப்பில் அந்த எண் இருந்தால் ஜிராவும் கிட்ஹப்பும் தாங்களாகவே ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும். இணைப்பை ஒரு தடவை போட்டுவிட்டால் போதும். எண் இல்லாத கமிட்டைத் தடுக்க ஒவ்வொருவர் லேப்டாப்பிலும் கிட் ஹூக் என்ற சின்னக் காவல் ஸ்கிரிப்ட் வைப்பார்கள். அதை ஒரே ஒரு சொல் சேர்த்துத் தாண்டிவிடலாம். அவசரத்தில் நானே தாண்டியிருக்கிறேன். அதனால் சோதனை சர்வர் பக்கமும் இருக்க வேண்டும். ஸ்குவாஷ் மெர்ஜ் செய்கிற டீம் என்றால் தலைப்பையும் பாருங்கள். பத்து கமிட்டில் இருந்த எண்ணும் ஒன்றாக நசுங்கும்போது காணாமல் போகலாம்.

அடுத்தது, எந்தத் தகவலுக்கு எது வீடு என்பது. கோடு மெர்ஜ் ஆனதா என்று கிட்ஹப்புக்குத்தான் தெரியும். அப்படியிருக்க, ஜிராவில் அதை ஒரு மனிதர் கையால் மாற்றுவானேன்? மெர்ஜ் ஆனதும் டிக்கெட் தானாக நகரட்டும். ஆனால் "முடிந்தது" என்ற கட்டத்துக்கு அல்ல, "டெஸ்டுக்குத் தயார்" என்ற கட்டத்துக்கு. இதில் நான் பிடிவாதக்காரி. சோதித்துப் பார்த்தேன் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அதையும் தானியங்கி ஆக்கிவிட்டால் அதே பச்சையை ஆளுக்குப் பதில் ஸ்கிரிப்ட் அடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வீடு எது என்று முடிவு செய்யாமல் இரண்டு பக்கமும் ஒத்திசைவு போட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். கஸ்டமரின் டூலில் கமென்ட் போட்டால் எங்கள் ஜிராவுக்கு வரும். ஜிராவில் வந்த கமென்ட்டைப் புதிது என்று நினைத்து இணைப்பு திரும்ப அங்கே அனுப்பும். அது மறுபடி இங்கே வரும். ஒரே ஒரு "ஓகே, நன்றி", நாங்கள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் இருநூற்றுச் சொச்சம் ஆகியிருந்தது. தான் எழுதியதைத் தானே திரும்ப அனுப்பக் கூடாது என்று ஒரு வரி சேர்த்ததும் நின்றது.

ஒரு டூலில் ஏதாவது நடந்ததும் அது இன்னொன்றுக்குத் தானாக அனுப்பும் செய்திதான் வெப்ஹூக். அதைப் பற்றி டெவலப்பர்களுக்கு ஒரு வார்த்தை. மேலாளர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் படித்தால் நல்லது. கிட்ஹப் ஒரு செய்தியை அனுப்பிவிட்டு 10 நொடிதான் பதிலுக்காகக் காத்திருக்கும். அதற்குள் வாங்கிக்கொள்ளவில்லை என்றால் தோல்வி என்று குறித்துவிட்டுப் போய்விடும், தானாக மறுபடி அனுப்பாது. அதனால் செய்தி வந்ததும் வரிசையில் போட்டுவிட்டு உடனே பதில் சொல்லுங்கள், வேலையைப் பிறகு செய்யுங்கள். வந்தது கிட்ஹப்பிடமிருந்துதானா என்று கையொப்பத்தைச் சரிபாருங்கள். இரவில் ஒரு முறை இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு, விட்டுப்போனதைப் பிடிக்க ஒரு சின்ன வேலை ஓடட்டும். மளிகைக் கடையில் ராத்திரி கல்லாவை எண்ணுவது போலத்தான்.

இதையெல்லாம் செய்த பிறகும் ஒரு நாள் எல்லாம் நின்றது. 11 நாள் எந்த டிக்கெட்டும் தானாக நகரவில்லை, யாருக்கும் தெரியவும் இல்லை. காரணத்தைத் தேடினால், இணைப்பு ஓடிக்கொண்டிருந்தது ஒரு சீனியரின் சொந்த டோக்கனில், அதாவது அவர் கணக்கின் அனுமதிச் சாவியில். அவர் வேலையை விட்டுப் போனார், ஐடி பிரிவு அவர் கணக்கை ஒழுங்காக மூடிவிட்டது. யார் மேலும் தப்பு இல்லை. அந்த இணைப்பு அவருடையது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவே. இணைப்புகளுக்குத் தனிக் கணக்கு வையுங்கள். செய்தி வராமல் இருந்தாலும் கத்துகிற ஒரு கண்காணிப்பு வையுங்கள்.

கத்துவதும் சரியான ஆளின் காதில் விழ வேண்டும். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த இரவு. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அன்றைய ஆன்-கால் ஆளின், அதாவது அலர்ட் வந்தால் எழுந்து பார்க்க வேண்டியவரின், வீடு ரெயின்போ நகரில். தண்ணீர் ஏறும் என்று தெரிந்து மதியமே வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டு, கடலூரில் இருந்த என்னோடு முறையை மாற்றிக்கொண்டார். எல்லோரும் கட்டைவிரல் காட்டினார்கள். அலர்ட் அனுப்பும் டூலை மட்டும் யாரும் மாற்றவில்லை. ராத்திரி பேக்கப் (தகவலின் நகல்) எடுக்கும் வேலை தோற்றுப்போனபோது அது சார்ஜ் போன அவருடைய போனையே அடித்துக்கொண்டிருந்தது. நான் பவர் பேங்க்கோடு முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஒரு சத்தமும் வரவில்லை. நல்லவேளை பேக்கப்தான்.

எல்லோருக்கும் அந்த நல்லவேளை வாய்க்காது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிடல் பங்கு வர்த்தக நிறுவனத்தில் எட்டு சர்வரில் ஒன்றில் மட்டும் புது கோடு ஏறவில்லை. சந்தை திறப்பதற்கு முன்பே அவர்களுடைய சிஸ்டம் பிழையைக் குறிப்பிட்டு 97 மெயில் அனுப்பியிருந்தது. அவை எச்சரிக்கையாக வடிவமைக்கப்பட்டவை அல்ல, ஆகவே யாரும் கவனிக்கவில்லை. சுமார் 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கு மேல் போனது.

இப்போது கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். டூல் பட்ஜெட்டில் லைசென்ஸுக்கு ஒதுக்கீடு இருக்கிறது, டிரெயினிங்குக்கு ஒதுக்கீடு இருக்கிறது. இரண்டு டூலை இணைத்து, அந்த இணைப்பை உயிரோடு வைத்திருக்கும் ஆளுக்கு ஒதுக்கீடு கிடையாது. அதைச் சேருங்கள். முழு ஆள் வேண்டாம். பத்துப் பேர் டீமில் ஒருவருக்கு வாரம் ஒரு நாள், எல்லோருக்கும் தெரியும்படி அவர் பெயரில். அப்ரைசலில் அதை வேலை என்று எழுதுங்கள், "கூடுதல் உதவி" என்று எழுதாதீர்கள். புது டூல் டெமோவுக்கு விற்பனைக்காரர் வரும்போது அந்த ஆளையும் அறையில் உட்கார வையுங்கள். "ஏபிஐ இருக்கிறது", அதாவது மற்ற டூல்கள் வந்து இணைய வழி இருக்கிறது, என்று சொல்லாத விற்பனைக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை. அந்த ஏபிஐ நாம் வாங்கும் சந்தா திட்டத்தில் அடங்குமா, மேல் திட்டத்துக்குக் காசு கட்ட வேண்டுமா, நாளைக்கு விட்டு விலகினால் நம் தகவலை முழுசாக வெளியே எடுக்க முடியுமா என்று அந்த இணைப்பு ஆள் கேட்பார்.

ஸ்டிக்கி நோட்டுப் பிள்ளை இரண்டு மாதம் முன்பு பெங்களூருக்குப் போய்விட்டாள். நாங்கள் போட்ட இணைப்புகளால் 38 வரிசை 9 ஆகியிருக்கிறது. மிச்சம் 9 கஸ்டமர் மெயிலிலிருந்து வருபவை. அவை இன்னும் கையால்தான், இப்போது என் கையால். உங்கள் ஆபீஸில் அந்த ஷீட் யாரிடம் இருக்கிறது என்று இந்த வெள்ளிக்கிழமை நாலரைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் பத்து வரிசையை நீங்களே நிரப்புங்கள்.

இப்படிக்கு,
கடலூர் பஸ்ஸில் வந்துபோகும் ஒரு ரிலீஸ் இன்ஜினியர்