கோப்பு சுருங்கியது, எழுத்து குறையவில்லை: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மரபணுக் கோப்புகளைச் சுருக்கிப் பூட்டித் தருகிற எங்கள் கடையைப் பற்றி, போன கிழமையிலிருந்து திருகோணமலை முழுக்க வட்ஸ்அப்பில் சுற்றுகிற குரல்பதிவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "80 ஜீபி கொடுத்தோம், 18 ஜீபிதான் திரும்பி வந்தது, மிச்சத்தை எடுத்துவிட்டார்கள், பிள்ளையின் மரபணுவை வெளிநாட்டுக்கு விற்கிறார்கள்" என்கிறது அது. கேட்ட கையோடு எங்களுக்கே அழைத்து விசாரித்தவர்களுக்கு முதலில் நன்றி.

விற்கிறார்கள் என்றதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். மிச்சத்தை எடுத்துவிட்டார்கள் என்றதுதான் தைத்துவிட்டது. உட்துறைமுக வீதியில் போட்டோக்கொப்பி மெஷினோடு தொடங்கிய காலத்திலிருந்து, ஒருவர் தந்த தாளில் ஒரு மூலை மடிந்தாலும் சொல்லித்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறோம். அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல விடுங்கள்.

மனிதரின் மரபணுத் தொகுதி ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகளில் ஏறத்தாழ 300 கோடி எழுத்து. இயந்திரம் அதை ஒரே மூச்சில் வாசிப்பதில்லை. பெரும்பாலும் 150 எழுத்துத் துண்டுகளாக, பிழை பிடிபட வேண்டும் என்பதற்காக ஒவ்வோர் இடத்தையும் சராசரி 30 தடவை வாசிக்கிறது. ஆக, உங்கள் டிஸ்க்கில் வருவது 9,000 கோடி எழுத்து. ஆனால் எந்த இரண்டு மனிதரை எடுத்தாலும் ஆயிரம் எழுத்துக்கு ஓர் எழுத்து அளவில்தான் வித்தியாசம். எல்லா நாட்டிலும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் மாதிரித் தொகுதி ஒன்று உண்டு. நாங்கள் பாவிப்பது 2013 டிசம்பரில் வெளிவந்த ஜி.ஆர்.சி.எச். 38.

குரல்பதிவில் பேசுகிற அந்த அம்மா முன்பு கடைக்கு வந்தபோது ஒரு கொப்பியில் எழுதிக் காட்டினேன். மேல் வரியில் மாதிரி: சி சி ஏ டி ஜி ஏ ஜி டி. கீழ் வரியில் பிள்ளையின் துண்டு: சி சி ஏ டி ஜி சி ஜி டி. "பாருங்கோ அம்மா, ஆறாவது எழுத்து மட்டும்தான் வேற. கீழ் வரியை முழுக்க எழுதத் தேவையில்லை. இன்ன நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இன்ன இடத்தில் தொடங்குது, எட்டு எழுத்து, ஆறாவது சி. இவ்வளவும் போதும்" என்றேன். விரலை வைத்து இரண்டு வரியையும் அவர் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். இதுதான் சி.ஆர்.ஏ.எம். என்ற கோப்பு வகையின் அடிப்படை. ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தார் 2011 இல் வெளியிட்ட முறையிலிருந்து வந்தது, எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. திரும்ப விரித்தால் பிள்ளையின் எழுத்து ஒன்றுகூடக் குறையாது.

ஆனால் விரிப்பதற்கும் அதே மாதிரித் தொகுதி பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த அம்மாவின் டிஸ்க்கை வேறோர் இடத்தில் அது இல்லாமல் திறந்திருக்கிறார்கள். பிழைச் செய்தி வந்திருக்கிறது. "உள்ளே ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாங்கள் இதை வாயால் சொன்னோமே தவிர, தாளில் எழுதிக் கொடுக்கவில்லை. அது எங்கள் பிழைதான், மன்னித்துக்கொள்ளுங்கள். இனி ஒவ்வொரு டிஸ்க்கிலும் மாதிரித் தொகுதியின் பிரதியும் தமிழில் ஒரு விளக்கத் தாளும் இருக்கும். ஏற்கெனவே கொண்டுபோனவர்களுக்கும் இலவசமாகப் போட்டுத் தருகிறோம்.

விற்பது பற்றி. சுருக்கிய பிறகு உங்கள் கோப்பைப் பூட்டுகிறோம். 64 கேபி துண்டு துண்டாக, துண்டுக்கொரு முத்திரையோடு பூட்டுகிற கிரிப்ட்ஃபோர்ஜிஎச் முறை அது. இடையில் ஒருவர் ஒரு புள்ளியை மாற்றினாலும் திறக்கும்போது தெரிந்துவிடும். திறப்பு (சாவி) உங்கள் பென்டிரைவில் இருக்கிறது, எங்களிடம் இல்லை. கொழும்பிலோ சென்னையிலோ உள்ள டொக்டருக்கு அனுப்ப வேண்டுமானால், நீங்கள் திறப்போடு வந்தால் கோப்பின் தலைப்பை, அதாவது யார் திறக்கலாம் என்பதை வைத்திருக்கும் முன்பகுதியை மட்டும், அவருடைய பூட்டுக்கு மாற்றுவோம். உள்ளே இருப்பதை அவிழ்க்கவே தேவையில்லை. சுருக்குகிற சில மணி நேரம் மட்டும் கோப்பு எங்கள் கையில் திறந்தபடி இருக்கும், அதை மறைக்கவில்லை. அந்தக் கணினிக்கு இணைய வயரே கிடையாது. முதலில் பூட்டிவிட்டுச் சுருக்கக் கூடாதா என்று ஒரு தம்பி கேட்டார். பூட்டிய கோப்பில் திரும்பத் திரும்ப வருவது எதுவும் மிஞ்சாது, அதனால் அது சுருங்காது.

பூட்டுவதற்குப் பதில் பெயரை எடுத்துவிட்டால் போதாதா என்றும் கேட்கிறார்கள். போதாது. 2013 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்வில், பெயர் நீக்கிய தரவையும் இணையத்தில் கிடைத்த வம்சாவளிப் பட்டியல்களையும் வைத்தே ஏறத்தாழ 50 பேரை அடையாளம் கண்டார்கள். உங்கள் மரபணுவில் பாதி உங்கள் பிள்ளையிடமும் இருக்கிறது. நீங்கள் சம்மதித்தாலும் அவர்கள் சம்மதித்ததாகாது. நாட்டின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் மரபணுத் தரவை விசேட வகையில்தான் வைத்திருக்கிறது.

2022 இல் நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் இல்லாமல், பாதிச் சுருக்கத்தில் கணினி நின்று நின்று போன நாட்களில், "ஆறுதலாச் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் நீங்கள். மூதூரிலிருந்து கொட்டும் மழையில், சாப்பாட்டுப் பெட்டிக்குள் டிஸ்க்கை வைத்துத் துவாயால் சுற்றிக் கொண்டுவந்த ஐயாவை எப்படி மறப்போம்? கிண்ணியாவிலிருந்து வருகிற குடும்பங்களுக்கும், மீன்களின் மரபணுவோடு இரவு எட்டு மணிக்குக் கதவைத் தட்டுகிற வளாகப் பிள்ளைகளுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

இன்னொன்று. எழுத்துகளோடு, ஒவ்வோர் எழுத்தையும் எவ்வளவு நம்பலாம் என்று இயந்திரம் போடுகிற இலக்கமும் வரும். தை மாதத்திலிருந்து அதை எட்டுப் படிகளாகக் குறைத்துத்தான் சேமிக்கிறோம், சுருக்கத்தில் ஒரு பங்கு அதிலிருந்தும் வருகிறது. பழையபடியே வேண்டுமென்றால் சொல்லுங்கள், பூட்டிய மூலப் பிரதி ஆறு மாதம் அலுமாரியில் இருக்கும்.

சந்தேகம் உள்ளவர்கள் எந்தச் சனிக்கிழமையும் திறப்போடு வாருங்கள். உங்கள் மூல டிஸ்க்கையும் நாங்கள் தந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, துண்டுகளின் எண்ணிக்கையையும் எழுத்துகளையும் உங்கள் கண்முன்னே ஒப்பிட்டுக் காட்டுகிறோம். நான்கைந்து மணி நேரம் எடுக்கும், அதனால் காலையிலேயே வந்துவிடுங்கள். அந்த அம்மாவுக்கும் சேதி அனுப்பியிருக்கிறோம். அவருடைய கொப்பித் தாள் இன்னும் மேசையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
கடை உரிமையாளர்
உட்துறைமுக வீதி, திருகோணமலை